கடைசி நாள் ஜமக்காளம்

திருச்செந்தூருக்கு வேன் பேசியாகிவிட்டது, பேர் கொடுக்கிறவர்கள் கொடுங்கள் என்று நம் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தீர்கள். நானும் கொடுத்தேன். என் வீட்டிலிருந்து ரெண்டு பேர், நானும் அத்தையும் என்று. உடனே ஏழெட்டுப் பேர் கேள்வி கேட்டுவிட்டீர்கள். அத்தைக்கு எண்பத்திரண்டு ஆகிறதே, மணலில் சறுக்கி விழுந்தால் யார் பொறுப்பு, அலையைக் கண்டால் தலை சுற்றாதா என்று. நமக்கெல்லாம் முட்டி தேய்ந்து, மாடிப்படிக்குக் கைப்பிடி தேடுகிற வயசு. நாம் அத்தையைப் பற்றிக் கவலைப்படுகிறோம். நல்ல கூத்து.

உங்களைச் சொல்லியும் குற்றமில்லை. சின்ன வயசில் நாம் போன அந்த டூரின் கடைசி நாளில், நீங்கள் எல்லாரும் கோயில் வரிசையில் நின்றுகொண்டிருந்தீர்கள். கடற்கரையில் இருந்தது அத்தையும் நானும் கைக்குழந்தையாக இருந்த என் தம்பியும்தான். நீங்கள் பார்த்ததெல்லாம் நனைந்த ஜமக்காளத்தை மட்டும். அதற்கு முன்னால் நடந்ததை இத்தனை வருஷமாக நான் யாருக்கும் முழுசாகச் சொன்னதில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடம் கோடை லீவு விட்டிருந்தது. பீளமேட்டில் நம் தெரு முழுக்க மில்லுக்குப் போகிற குடும்பங்கள். மில்லில் டைம்கீப்பராக இருந்த மாமாதான் டூரைக் கிளப்பியவர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பித்தளை விசில் தொங்கும், ஞாபகம் இருக்கிறதா? ஒரு ஊது ஊதினால் சாப்பாடு, ரெண்டு ஊதினால் பஸ் ஏற வேண்டும். மனுஷன் சாமி கும்பிடக்கூட நமக்கு ஷிஃப்ட் போட்டார். பஸ்ஸின் மேலே அரிசி மூட்டை, விறகு, அண்டா. உள்ளே நாம். பழனி தாண்டுவதற்குள் பாதிப் பேர் வாந்தி எடுத்தோம். பஸ் முழுக்க எலுமிச்சை வாசமும் புளிச்சோற்று வாசமும்.

அத்தை என்றால் என் அப்பாவின் தங்கை. கல்யாணமாகி ரெண்டே வருஷத்தில் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்விட, எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டார். மில்லில் நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங்கில் வேலை. அப்போது அவருக்கு முப்பதுகூட ஆகியிருக்காது. எந்நேரமும் வெளுத்த நூல் சேலைதான். அதிகம் பேச மாட்டார். வாயாடியான எனக்கு அவரைக் கண்டால் ஏதோ கோபக்காரர் என்றுதான் தோன்றும்.

அத்தை பிறந்தபோது ஜோசியர் ஒருவர் இந்தப் பிள்ளைக்குத் தண்ணீரில் கண்டம் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். அன்றிலிருந்து அவரை ஆறு, குளம், வாய்க்கால் எதிலும் இறங்க விட்டதில்லை. ஆடிப்பெருக்குக்குப் பவானிக்குப் போனால்கூட, ஊரே ஆற்றில் கிடக்கும். அத்தை மட்டும் படிக்கட்டின் மேல்படியில் உட்கார்ந்திருப்பார். யாராவது செம்பில் மொண்டு வந்து தலையில் ஊற்றுவார்கள். இந்தச் சட்டத்தைக் கொஞ்சமும் தளர்த்தாதவர் என் அப்பா. மற்றபடி தங்கச்சி மேல் உயிரையே வைத்திருந்தவர். மில்லில் பதநீர் விற்க வந்தால், தான் குடிக்காமல் தூக்குப்போசியில் வாங்கிவந்து அத்தைக்குக் கொடுப்பார்.

ஆக, டூரில் அத்தைக்கு ஒரே வேலைதான். எங்கே குளித்தாலும் பையையும் துணியையும் என் தம்பியையும் பார்த்துக்கொண்டு ஜமக்காளத்தில் உட்கார்ந்திருப்பது. "உங்கத்தை இருக்கறதுனால நமக்கு ஒரு கவலையுமில்ல" என்று எல்லாரும் மெச்சிக்கொண்டார்கள். அதைச் சொல்லிவிட்டுத் தண்ணீருக்கு ஓடினார்கள்.

ராமேஸ்வரத்தில்தான் அத்தை முதல்முறையாகக் கடலைப் பார்த்தார். நாமும்தான். நான் குளித்துவிட்டு ஈரத்தோடு வந்தபோது என்னைக் கூப்பிட்டு, "உப்புக் கரிக்குதுன்னு சொல்றாங்களே, நெசமாலுமாங் கண்ணு?" என்று கேட்டார். பார்த்தால்தானே தெரியும் என்று நான் ஓடிப்போய் ரெண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்தேன். வருவதற்குள் எல்லாம் ஒழுகி, உள்ளங்கையில் ஈரம் மட்டும்தான் மிச்சம். அத்தை என் உள்ளங்கையை நக்கிப் பார்த்தார். எனக்குக் கூச்சம் தாங்கவில்லை, சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கடலையே பார்த்துக்கொண்டு, "ஒருக்கா முட்டி வரைக்கும் நின்னாப் போதும்" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. கோபமும் இல்லை, பயமும் இல்லை. ஆசை. அப்பாவிடம் நீங்களே கேளுங்களேன் என்றேன். அதெல்லாம் கேட்கக் கூடாது, அண்ணன் மனசு சங்கடப்படும் என்று சொல்லிவிட்டார்.

கன்னியாகுமரியிலும் அதே கதை. மூன்று கடல் இருந்தும் ஒன்றில்கூட அவர் கால் படவில்லை. எனக்குக் கலர் மண் வாங்கிப் பொட்டலம் கட்டித் தந்துவிட்டு, பை பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். மிச்சம் இருந்தது திருச்செந்தூர் மட்டும். அங்கே சாமி கும்பிட்டு, சாப்பிட்டு, மத்தியானம் ரெண்டு மணிக்கு விசில் ஊதியதும் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். பஸ்ஸில் போகும்போது அத்தை என் காதில், "இன்னைக்கு உட்டா இனி எப்பக் கண்ணு" என்றார். வேறு யாருக்கும் கேட்கவில்லை.

காலையில் போய் இறங்கியபோது கடல் எங்கேயோ உள்ளே போயிருந்தது. அமாவாசைக்கு மறுநாள். பாறையெல்லாம் பச்சைப் பாசியோடு வெளியே தெரிந்தது. இஸ்திரி போட்டதுபோல ஈர மணல். நம் டைம்கீப்பர் மாமாவுக்கு ஒரே சந்தோஷம். சித்திரை வைகாசியில் காவேரி வற்றிக் கிடக்கும்போது நடு ஆற்றிலேயே ஜமக்காளம் விரித்துக் கட்டுச்சோறு சாப்பிட்டுப் பழகிய ஆட்கள் நாம். "மேல குப்பையா இருக்குது, இங்க மண்ணு சுத்தமா இருக்குது, விரிங்க" என்றார். எங்கள் வீட்டுப் பவானி ஜமக்காளத்தை நாலு பேர் பிடித்து விரித்தார்கள். அம்மாவுக்குச் சீராக வந்தது அது. சிவப்பும் பச்சையும் நீலமும் பட்டை பட்டையாக, இருபது பேர் படுக்கலாம்.

பக்கத்தில் சங்கும் சோழியும் விற்றுக்கொண்டிருந்த அம்மா ஒருவர் சத்தம் போட்டார். "ஏ அண்ணாச்சி, இங்கன விரிக்காதிய. தண்ணி ஏறி வரும்லா."

மாமா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வெகு மரியாதையாகக் கேட்டார். "ஏனுங்க, எந்த டேமைத் தொறக்கறாங்க?"

அந்தம்மா தலையில் அடித்துக்கொண்டு தன் கூடைப் பக்கம் திரும்பிவிட்டார். மாமா நம் பக்கம் திரும்பி, தண்ணி திறந்துவிட்டால் தண்டோரா போடாமலா விடுவான், இங்கே மேட்டூரும் இல்லை பவானிசாகரும் இல்லை, எங்கிருந்து தண்ணி வரும் என்று விளக்கினார். நம் அப்பாமார்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். தறி ஓடும் சத்தத்தை வைத்தே எங்கே நூல் அறுந்தது என்று சொல்கிற கெட்டிக்காரர்கள். கடலுக்கு ஏற்றவற்றம் உண்டென்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. சுற்றிலும் ஆறு ஓடுகிற ஊரில் பிறந்தால் அப்படித்தான். ஆறு சொல்லிக்கொண்டுதானே வரும்.

நீங்கள் எல்லாரும் குளித்தீர்கள். பிறகு ஈரத்துணியோடு நாழிக்கிணறு, அங்கிருந்து கோயில் வரிசை. அப்பா வழக்கம்போலத் தள்ளி உட்கார்ந்து செம்பில் மொண்டு ஊற்றிக்கொண்டு போனார். அவர் எந்த ஊரிலும் அப்படித்தான் குளிப்பார். பெரிய மனுஷத் தோரணை என்று நினைத்திருந்தேன். எனக்குக் காலில் கிளிஞ்சல் குத்தி ரத்தம் வந்ததால், நீ அத்தையோடு இரு என்று விட்டுவிட்டார்கள். சமையல்காரர் மேலே பஸ் பக்கத்தில் அரிசிம்பருப்புச் சோற்றுக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். மாமா நல்ல விசில் நனைந்துவிடக் கூடாதென்று கழற்றி, தன் துண்டில் சுற்றி ஜமக்காளத்தின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

இனிமேல்தான் நீங்கள் பார்க்காதது.

எல்லாரும் கண்ணுக்கு மறைந்ததும் அத்தை எழுந்தார். ஒவ்வொரு பையாக எடுத்து மேட்டுப் பக்கம் கொண்டுபோய் அடுக்கினார். துணியையெல்லாம் மடித்து அதற்கும் மேலே வைத்தார். தூங்கிக்கொண்டிருந்த தம்பியைத் தூக்கி என் மடியில் போட்டு, "நீ அக்கட்டால அந்தச் சோழிக்கார அம்மாகிட்டப் போயி உக்காந்துக்கோ கண்ணு, வெயில் அடிக்குது" என்றார். பிறகு திரும்பிப் போய், ஜமக்காளத்தின் கீழ்ப்பக்க ஓரத்தில், கடலைப் பார்த்துக் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

வெயிலுக்காக என்னை அனுப்பினார் என்றுதான் பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்தச் சோழிக்கார அம்மா சொன்னது பெரியவர்கள் யார் காதிலும் ஏறவில்லை. அத்தை காதில் ஏறியிருக்கிறது.

கடல் அவசரமே படவில்லை. ஒரு அலை வந்து பாறையை மூடியது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று, அதைவிட ஒரு முழம் முன்னால். மணலில் மெல்லிய கண்ணாடி மாதிரி வந்து, நுரையை விட்டுவிட்டுப் போகும். சோழிக்கார அம்மா, "உங்கத்தைய எந்திரிக்கச் சொல்லு பிள்ள" என்றார். நான் கத்தினேன். அத்தை திரும்பவில்லை. முதுகு மட்டும் தெரிந்தது. அடுத்த அலை வந்து அவர் பாதத்தைத் தொட்டது. அத்தை காலை இழுத்துக்கொள்ளவில்லை. தோள் ரெண்டும் ஒருதரம் ஏறி இறங்கியது, அவ்வளவுதான். அதற்கடுத்தது முழங்காலுக்கு வந்தது. சேலையை ஒதுக்கிக்கூட விடவில்லை அவர்.

அப்புறம் ஒரு பெரிய அலை. ஜமக்காளம் ஒரு பக்கம் அப்படியே தூக்கிக்கொண்டது. அத்தை புரண்டு விழுந்தார். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். கண்டம், கண்டம் என்று அதுதான் மண்டையில் ஓடியது. பார்த்தால் எழுந்து நிற்கிறார். தலையெல்லாம் நனைந்து, கொண்டை அவிழ்ந்து கிடக்கிறது. ஜமக்காளத்தைக் கடல் இழுத்துக்கொண்டு போகிறது. அத்தை அதன் பின்னாலேயே போனார். முட்டி, தொடை, இடுப்பு. ஒரு மூலையைப் பிடித்தார். நனைந்த பவானி ஜமக்காளம் என்ன கனம் கனக்கும் என்று உங்களுக்குத் தெரியும், ரெண்டு ஆம்பளைகள் மூச்சு வாங்குவார்கள். அத்தை அதைத் தனியாக இழுத்தார். அலை வந்து தள்ளும்போது கூடவே ரெண்டடி வருவார், திரும்பி இழுக்கும்போது காலை ஊன்றி நிற்பார். நாளெல்லாம் ரீலிங் மிஷினில் நின்று பழகிய கால். எந்த நேரத்தில் இழுக்க வேண்டும், எந்த நேரத்தில் விட வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. அதைவிட ஆச்சரியம், அவர் சிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் யாரும் கேட்டிராத சத்தமான சிரிப்பு.

சோழிக்கார அம்மா கூடையை என்னிடம் விட்டுவிட்டு ஓடிப்போய் மறு மூலையைப் பிடித்தார். ரெண்டு பேருமாகப் பாதியைக் கரைக்கு இழுத்துவிட்டார்கள்.

அந்த நேரத்தில் அப்பா வந்தார். குழந்தை அழுமே என்று வரிசையிலிருந்து முதல் ஆளாகத் திரும்பியிருக்கிறார். கையில் பன்னீர் இலையில் விபூதி. அவர் கண்ணில் பட்டது இடுப்பளவு கடலில் நிற்கிற தங்கச்சி. இலை கையிலிருந்து விழுந்தது. ஓடி வந்தவர், தண்ணீர் விளிம்பில் அடித்து நிறுத்தியதுபோல நின்றுவிட்டார்.

அத்தை அங்கிருந்தே சொன்னார். "நான் போகலீங்கண்ணா. அதுதான் வந்துச்சு."

அப்பா வேட்டியை மடித்துக்கட்டி, ஒரு கால் வைத்தார். மறு கால் வைத்தார். அவர் கால் ரெண்டும் வெடவெடவென்று நடுங்கியதை நான் பார்த்தேன். அடேயப்பா, என்ன கோபம், இன்றைக்கு அத்தைக்கு நல்ல பூசை என்று நினைத்தேன். முட்டியளவு தண்ணீருக்கு வந்ததும் கையை நீட்டி, "கையப் புடிச்சுக்க அம்மணி" என்றார். அத்தை பிடித்துக்கொண்டார். அண்ணனும் தங்கச்சியுமாக அப்படியே நின்றார்கள். ஒவ்வொரு அலைக்கும் அத்தை ஏதோ சொல்வதும் அப்பா தலையாட்டுவதும் தெரிந்தது. வெகு நேரம் கழித்துத்தான் கரைக்கு வந்தார்கள்.

நீங்கள் வரும்போது அவர்கள் ஜமக்காளம் பிழிந்துகொண்டிருந்தார்கள். ஒரு முனை அப்பா கையில், மறு முனை அத்தை கையில். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "எங்க கல்யாணத்துல இணைச்சீருக்குச் சேலையப் புடிச்சுட்டு நின்னமாதிரியே நிக்கறாங்க" என்றார். மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவளாகப் புதுச்சேலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அன்று நின்றவரும் இதே அத்தைதான். ஜமக்காளத்தின் சாயம் இறங்கி, அத்தையின் வெளுத்த சேலை முழுக்கச் சிவப்பும் பச்சையும் ஏறியிருந்தது. அம்மா அதையும் பார்த்தார். இனி இந்தச் சேலை எதற்கு என்று சொல்லி, தன் பையிலிருந்து மாம்பழக் கலர் சேலையை எடுத்துக் கொடுத்தார். யாரும் குறை சொல்லவில்லை. அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிச்சல் வேண்டுமே.

விசிலைக் கடல் கொண்டுபோயிருந்தது. மாமா, இல்லாத விசிலைக் கழுத்தில் தடவித் தடவிப் பார்த்தார், பாவம். அவர் ஊதாததால் ரெண்டு மணியாகியும் ஒருத்தரும் பஸ் ஏறவில்லை. அத்தை மறுபடி இறங்கிக் குளித்தார். மாம்பழக் கலர் சேலையும் நனைந்தது. மணல் கடிக்கிற அரிசிம்பருப்புச் சோற்றை நெய் விட்டுச் சாப்பிட்டோம். அதைப்போல ருசியாக நான் பிறகு எங்கேயும் சாப்பிட்டதில்லை. வெயில் தாழ்ந்தபோதுதான் கிளம்பினோம். பஸ்ஸின் மேலே விரித்துக் கட்டிய ஜமக்காளத்திலிருந்து என் ஜன்னலில் உப்புத்தண்ணீர் வெகுதூரம் சொட்டிக்கொண்டே வந்தது.

ஊருக்கு வந்ததும் அம்மா அதை அலசப் போனார். அத்தை விடவில்லை. அதனால் என்ன ஆயிற்றென்றால், மழை மூட்டம் போட்டால் போதும், பெட்டிக்குள் இருந்தாலும் அந்த ஜமக்காளம் தானாகவே பிசுபிசுத்துவிடும். உப்பு இல்லையா. அத்தை அதைத் தொட்டுப் பார்த்து, "வந்திருச்சு" என்பார். வீடு மாற்றிய களேபரத்தில் அது எங்கே போனதென்றே தெரியவில்லை. இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அப்பா போனபோது நீங்கள் எல்லாரும் வந்தீர்கள். அஸ்தி கரைக்கப் பவானிக்கு வந்தது நாங்கள் மூன்று பேர்தான். அன்றைக்கு என் மடியில் தூங்கிய தம்பி, கலயத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூடுதுறைப் படியில் நின்றான். ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. பொம்பளைகள் மேலேயே இருங்கள் என்றார் ஐயர். அத்தை, "செரிங்க சாமி" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். சேலையைச் செருகிக்கொண்டு இறங்க ஆரம்பித்துவிட்டார். எழுபத்தைந்து வயசு. நான் முழங்கையைப் பிடித்து நிறுத்தினேன். உங்களுக்குக் கண்டம் இருக்கிறது என்று, நானே, என் வாயால் சொன்னேன்.

"ஜோசியர் சொன்னது எனக்குக் கண்ணு. பயந்தது உங்கப்பன்." அத்தை என் கையை மெதுவாக எடுத்துவிட்டார். "சின்ன வயசுல கெணத்துல உழுந்து எந்திரிச்சதுல இருந்து அண்ணனுக்குத் தண்ணின்னா ஆவாது. வெளிய சொல்லாது. நான் தண்ணில நின்னா அதுக்கு உசுரே இருக்காது. அதுக்கோசரந்தான் அத்தன வருசமும் கரையிலயே உக்காந்திருந்தேன்."

அன்றைக்குக் கடலில் யார் கையை யார் பிடித்திருந்தார்கள் என்பது எனக்கு அந்தப் படிக்கட்டில் வைத்துத்தான் தெரிந்தது. செம்பில் மொண்டு குளித்த பெரிய மனுஷத் தோரணை, வெடவெடவென்று நடுங்கிய கால், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது.

அத்தை தம்பியிடம் கையை நீட்டினார். "இங்க கொண்டா சாமி. தண்ணில தனியா போகச் சொன்னா அண்ணன் பயந்துக்கும். நான் கொஞ்ச தூரம் கூடப் போய் உட்டுப்போட்டு வாரேன்."

இடுப்பளவு தண்ணீர் வரைக்கும் போனார். கலயத்தைச் சாய்த்த பிறகும் அங்கேயே நின்று, ஓடுகிற தண்ணீரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் படியில் உட்கார்ந்து செருப்பையும் பையையும் பார்த்துக்கொண்டு அழுதேன்.

ஆகவே நண்பர்களே, வேனில் ரெண்டு சீட் எழுதிக்கொள்ளுங்கள். ஜமக்காளத்தை எங்கே விரிப்பது என்று அத்தையைக் கேட்டுவிட்டு விரியுங்கள். எல்லாரும் தண்ணீருக்குப் போனால் பைக்கு ஆள் வேண்டுமே என்று யோசிக்க வேண்டாம். இந்தத் தடவை நான் உட்கார்ந்துகொள்கிறேன்.